மாதா திருநாளுக்கு லேபிள் இல்லாத ஒயின்

எங்கள் ஸஹ்லேயில் விருந்துக்குப் போகிறவன், நாற்காலியில் சரியாக உட்காருவதற்கு முன்பே, மேஜைமேல் இருக்கிற ஒயின் பாட்டிலைக் கால் சுற்றுத் திருப்புவான். வெயில் படாமல் நகர்த்தி வைப்பவன் போல முகத்தை வைத்துக்கொள்வான். லேபிளைப் பார்க்கத்தான். பார்த்ததும் விலை தெரிந்துவிடும். விலை தெரியாத பிள்ளை எங்கள் ஊரில் பிறப்பதில்லை. தப்பித்தவறித் தெரியாவிட்டால் என் ஒயின் கடைக்குப் போன் போடுவான். "நக்லே, சும்மா ஒரு சந்தேகம்டா..." ஆகஸ்டு பதினைந்து, மாதா திருநாள் மதியம், ஒரே நாளில் இப்படிப் பதினொரு போன் வந்ததுண்டு.

அதனால் என்னிடம் ஒயின் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் குடிப்பதற்காக வாங்குவதில்லை. அடுத்தவன் திருப்பிப் பார்ப்பதற்காக வாங்குகிறார்கள். அவர்களுக்கென்று ஒரு தட்டு வைத்திருக்கிறேன். அதில் இருப்பதெல்லாம் கனத்த கண்ணாடி, அடியில் கட்டைவிரல் முழுசாகப் போகிற குழி, தங்க எழுத்து. உள்ளே இருப்பது கறுப்பாக, கெட்டியாக, மரப்பீப்பாய் வாசனையோடு இருக்கும். ஜனவரியில் கணப்பருகே உட்கார்ந்து குடித்தால் அருமை. ஆகஸ்டு வெயிலில் குடித்தால், கம்பளிக் கோட்டைப் பிழிந்து குடித்த மாதிரி இருக்கும். பாட்டில் இருபத்திரண்டு டாலர். திருநாள் வாரத்தில் அதுதான் அதிகம் போகும்.

ஒரு வருஷம் திருநாளுக்கு ஆறு நாள் இருக்கும்போது இஸ்கந்தர் கடைக்குள் வந்தான். நானும் அவனும் ஒரே வகுப்பு. இருபத்திரண்டு வயதில் பிரேசிலுக்குக் கப்பல் ஏறியவன், முப்பத்திரண்டு வருஷம் கழித்துத் தங்கை வீட்டுக்கு வந்திருந்தான். சாவ் பாவ்லோவில் பெரிய துணிக்கடை என்று ஊரெல்லாம் பேச்சு. வெள்ளைக் காலணி, தங்கப் பல், தோளில் போட்ட மேல்சட்டை. கடையில் அப்போது மூன்று பேர் இருந்தார்கள்.

"டேய் நக்லே! உன் கடையிலேயே உசத்தியானதை எடுடா. அறுபது பேருக்கு விருந்து. விலையைப் பத்தி என்கிட்டப் பேசாதே."

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அந்தத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவன் பாட்டிலைப் பார்க்கவில்லை. லேபிளின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்லத் தேய்த்தான், துணி பார்ப்பது போல. பிறகு, "பார்க்கலாம், தங்கச்சியைக் கேட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

விலையைப் பற்றிப் பேசாதே என்று சத்தமாகச் சொல்கிறவன் தனியாகத் திரும்பி வருவான். இது என் அப்பா கற்றுக்கொடுத்தது இல்லை. அவருடைய வாடிக்கையாளர்கள் கற்றுக்கொடுத்தது. மதியம் ஊரே உறங்குகிற நேரத்தில் கதவைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளைக் காலணி கதவுக்கு அடியில் தெரிந்தது.

"குனிஞ்சு வா. இடுப்பு வளையும்ல?"

வந்து உட்கார்ந்தான். தண்ணீர் கேட்டான். குடித்தான்.

"கடையை மூடி ரெண்டு வருஷம் ஆச்சுடா" என்றான். "சீனத் துணி வந்தது. நான் மீட்டர் எட்டுக்கு வாங்கினதை எதிர்க்கடைக்காரன் அஞ்சுக்கு வித்தான். வீட்டுல பாதியை வித்துட்டுத்தான் டிக்கெட் எடுத்தேன். இங்கே வந்து ஒரு மாசம் பேசாம இருந்துட்டுப் போகலாம்னு பார்த்தேன்."

"அப்புறம் எதுக்கு அறுபது பேரு?"

"நானா கூப்பிட்டேன்? எல்லாம் நம்ம ஃபௌஸி வேலை."

ஃபௌஸி அவனுடைய பெரியப்பா மகன். பங்காளி. வெளிநாட்டிலிருந்து வந்தவன் திருநாளன்று தெருவுக்கு விருந்து போடுவது எங்கள் ஊர் வழக்கம். போட்டே ஆக வேண்டுமென்று சட்டம் கிடையாது. ஆனால் ஃபௌஸி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, "எங்க இஸ்கந்தர் விருந்து வைக்கிறான், எல்லாரும் வந்துடுங்க" என்று அறிவித்துவிட்டான். இஸ்கந்தரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இவன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால், அவன் காலரைத் திருப்பித் தையலைப் பார்ப்பான்.

"சாப்பாடு தங்கச்சி பார்த்துக்குவா. ஆட்டைத் தெருக்காரங்களே தராங்க. ஒயின் என் பாடு. முன்னூறு டாலர் இருக்கு. ஒரு காசு கூட இல்லை அதுக்கு மேல. அதைப் போட்டு மட்டமா வாங்கினா, ஃபௌஸி பாட்டிலைத் திருப்புவான். திருப்பிட்டு என்னைப் பார்ப்பான். வாயைத் திறக்க மாட்டான். அந்த ஒரு பார்வைக்கு அப்புறம் நான் இந்த ஊருக்குள்ள எந்த மூஞ்சியோட நடக்கிறது?"

"முதல்ல கணக்கைச் சரியாப் போடு. அறுபது பேர்ல பத்துக் குழந்தை. பதினஞ்சு பேரு அரக்குச் சாராயத்தைத் தவிர எதையும் தொட மாட்டான். அவன்கிட்ட ஒயினைக் கொண்டுபோனா கோவிச்சுக்குவான். மிச்சம் முப்பத்தஞ்சு. வெயில்ல நாலு மணி நேரம். நாப்பது பாட்டில் தாராளம்."

"நாப்பதை இருபத்திரண்டால பெருக்கு."

"அதை ஏன் பெருக்கணும்? நீ துணிக்காரன்தானே? ஆகஸ்டுல எவனாவது கம்பளி கேட்டா என்ன சொல்லுவே?"

"வாங்கிட்டுப் போடான்னு சொல்லுவேன். ஆனா நான் பருத்தி கட்டிக்குவேன்."

"அதேதான். இங்கே எல்லாரும் கனத்துக்குக் காசு கொடுக்கிறான். பாட்டில் கனம், பீப்பாய் வாசனை, பேரு. இதையெல்லாம் கழிச்சுட்டா நல்ல திராட்சை மலிவுதான். சின்ஸோ தெரியுமா?"

"நம்ம தாத்தாமாரு போட்ட கொடிதானே? அதை மட்டம்னு சொல்லுவாங்களே."

"சொல்றதாலதான் மலிவு. எங்கே போறோம்னு மட்டும் கேக்காதே, கார்ல ஏறு."

ராஹீலின் தோட்டம் கீழே சமவெளியில், அய்ன் தீனேக்குப் போகிற பாதையில் இருக்கிறது. என்னைவிட நாலு வயது பெரியவள். டிராக்டரைத் தானே ஓட்டுவாள். அவளிடம் ஐம்பது வருஷத்துச் சின்ஸோக் கொடிகள் இருந்தன. போன அறுவடையின்போது பெரிய ஒயின் ஆலைக்காரர்கள், கெட்டியான கறுப்பு ஒயின் தருகிற திராட்சை போட்டால்தான் வாங்குவோம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் அவர்களைத் திட்டிவிட்டு, தானே பிழிந்து, சிமென்ட் தொட்டியில் ஊற்றி வைத்திருந்தாள்.

"வாங்க முதலாளி" என்றாள் என்னைப் பார்த்து. "விலை குறைக்க வந்தா அப்படியே திரும்பிடுங்க. குடிக்க வந்தா குவளை அந்தப் பக்கம்."

தொட்டியின் அடிக்குழாயிலிருந்து பிடித்துக் கொடுத்தாள். மாதுளம்பழத்தை உடைத்ததும் விரலில் ஒட்டுகிற நிறம். கையை வைத்தால் மறுபக்கம் விரல் தெரியும். சிமென்டின் குளிர்ச்சியில் இருந்தது. வாயில் பட்டதும் செர்ரிப் பழம், கொஞ்சம் மிளகு, பிறகு ஒரு சுத்தமான புளிப்பு. தொண்டையில் தங்கவில்லை. இன்னொரு மடக்கு குடி என்று சொல்லிவிட்டுப் போனது.

இஸ்கந்தர் இரண்டாவது குவளையைத் தானே பிடித்துக்கொண்டான். கொஞ்சம் கையில் ஊற்றி, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தான். நான் ராஹீலை டிராக்டருக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போய் விலை பேசினேன். திரும்பி வந்து அவனிடம் நாலு டாலர் என்றேன்.

"பாட்டிலுக்கா?"

"ஒரு பாட்டில் அளவுக்கு. ஆனா பாட்டிலே கிடையாது. பாட்டில் இருந்தாத்தானே திருப்புவான்? பெரிய கண்ணாடிக் குடுவையில எடுத்துட்டுப் போறோம். உன் தங்கச்சி வீட்டுக்குப் பின்னால ஆறு ஓடுது. காலையிலேருந்து கயித்துல கட்டி ஆத்துல இறக்கி வை. பனி உருகி வர்ற தண்ணி; அதுக்கு இன்னும் எவனும் விலை போடலை. மண் கூஜாவுல ஊத்தி மேஜைக்குக் கொண்டுவா. எவனாவது விலை கேட்டா..."

"என்ன சொல்ல?"

"ஒண்ணும் சொல்லாதே. சிரி. தங்கப் பல்லு தெரியற மாதிரி சிரி. மிச்சத்தை அவனவனே நினைச்சுக்குவான்."

நாற்பது பாட்டில் அளவுக்கு நூற்று அறுபது டாலர் எண்ணிக் கொடுத்தான். மிச்ச நூற்று நாற்பதைச் சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானையும் போட்டான்.

திருநாளன்று வெயில் முப்பத்தெட்டு. பூசை முடிந்து எல்லோரும் இஸ்கந்தரின் தங்கை வீட்டு முற்றத்தில், திராட்சைப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்தார்கள். நானும் போயிருந்தேன். பக்கத்துத் தெரு, பழைய சினேகிதன், கூஜா ஊற்றுகிறவன் என்று எனக்கு மூன்று அழைப்பு. பச்சைக் கறியை இடித்த கிப்பே, புதினா, வெங்காயம், ஒரு தொட்டி நிறையத் தபூலேப் பச்சிலைக் கலவை, சுட்ட கோழி, பூண்டு விழுது.

ஃபௌஸி கடைசியாக வந்தான். வெறுங்கையோடு வரவில்லை. அன்று காலை என் கடையில் வாங்கிய இருபத்திரண்டு டாலர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். யாருக்கு என்று விற்கும்போதே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தாலும் விற்றிருப்பேன்.

"பங்காளி வீட்டுக்கு வெறுங்கையோட வரலாமா?" என்று பாட்டிலைக் கூஜாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். கை பழக்கத்தில் கூஜாவைக் கால் சுற்றுத் திருப்பியது. மண் கூஜா, எந்தப் பக்கம் திருப்பினாலும் மண்தான். "இது என்னப்பா, லேபிளைக் காணோம்? சாவ் பாவ்லோவுல இப்படித்தானா?"

இஸ்கந்தர் சிரித்தான். தங்கப் பல் நன்றாகத் தெரிந்தது.

முதலில் மரியாதைக்காகப் பக்கத்தில் இருந்த ஏழெட்டுப் பேருக்கு ஃபௌஸியின் பாட்டிலிலிருந்து ஒரு வாய் ஊற்றினார்கள். வெயிலில் வந்த பாட்டில், ரத்தச் சூட்டில் இருந்தது. கோழிக்கடை ஹபீப் குவளையை மூக்கருகே கொண்டுபோய், "உசத்தியான சாமான்" என்று சொல்லி மேஜைமேல் வைத்தான். பிறகு அதை எடுக்கவில்லை. கூஜாவைத்தான் எடுத்தான். பச்சை கிப்பேயை ரொட்டியில் சுருட்டி வாயில் போட்டு, ஆற்றுக் குளிர்ச்சியில் இருந்த சின்ஸோவைக் குடித்தான். நிறுத்தினான். இன்னொரு தரம் குடித்தான்.

"டேய், இது என்னதுடா?"

அதற்கப்புறம் எனக்கு உட்கார நேரமில்லை. ஊற்றினேன், ஆற்றுக்குப் போனேன், வந்தேன், ஊற்றினேன். அரக்கைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்கிற பதினைந்து பேரில் ஏழு பேர் தொட்டார்கள். ஃபௌஸியின் பாட்டிலில் முக்கால்வாசி அப்படியே நின்றது. அவனே கூஜாவிலிருந்துதான் குடித்தான், மூன்று குவளை.

மூன்றாவது முடிந்ததும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "விலை என்ன?" என்றான்.

இஸ்கந்தர் சிரித்தான்.

"சிரிச்சா? நான் சொல்றேன். இருபத்தஞ்சு."

"முப்பதுக்குக் குறையாது" என்றான் ஹபீப். "வெளிநாட்டுலேருந்து வந்திருக்கும்."

"பதினெட்டு!" "முப்பத்தஞ்சு!" முற்றம் ஏலக்கடை ஆகிவிட்டது. இஸ்கந்தரின் தங்கை கையைப் பிசைந்துகொண்டு அடுக்களை வாசலில் நின்றாள். நான் கூஜாவைப் பிடித்தபடி அவனைப் பார்த்து, சிரிடா, சிரி என்று கண்ணால் சொன்னேன். வேலை முடிந்துவிட்டது. இன்னும் ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால், ஊரின் பெரிய பணக்காரனாக விமானம் ஏறலாம்.

அவன் எழுந்து நின்றான். மேஜையைப் பிடித்திருந்த கை நடுங்கியது. குவளைகள் ஒன்றோடொன்று இடித்தன.

"நாலு டாலர்" என்றான்.

ஹபீப் வாய்க்குக் கொண்டுபோன குவளையை அப்படியே கீழே வைத்தான்.

"ஒயினுக்குன்னு முன்னூறு டாலர்தான் வச்சிருந்தேன். அதுக்கு மேல என்கிட்ட இல்லை. சாவ் பாவ்லோக் கடையை மூடி ரெண்டு வருஷம் ஆச்சு. சொல்லாம போயிடலாம்னு நினைச்சேன். ஆனா நீங்க முப்பத்தஞ்சு வரைக்கும் ஏத்திட்டீங்க. நல்லா வாங்கின சாமானை அதிக விலைக்கு வாங்கினேன்னு ஒத்துக்கிட்டு உட்கார, என்னால ஆகலை. நாலு டாலர். நாப்பது பாட்டில் அளவு. நூத்தி அறுபது."

"பொய்" என்றான் ஃபௌஸி. ஆனால் அவன் குரலில் அந்தப் பழைய எகத்தாளம் இல்லை. வயிற்றெரிச்சல் இருந்தது. "நாலு டாலருக்கு இது எங்கே கிடைக்கும்?"

"நக்லேயைக் கேளு."

அறுபது தலையும் என் பக்கம் திரும்பின. கூஜாவை வைத்துவிட்டு ஓடலாமா என்று பார்த்தேன், வாசல் தூரம்.

"நாலுதான்" என்றேன்.

ஹபீப் மேஜையில் ஒரு அடி போட்டான். "மாதா சத்தியமா, முப்பத்திரண்டு வருஷம் வெளியே இருந்தும் இவன் கெட்டுப் போகலைடா! நாலுக்கு வாங்கி முப்பத்தஞ்சு சொல்ல வச்சிருக்கான்!" அவ்வளவுதான், முற்றம் முழுக்கச் சிரிப்பும் கைதட்டலும். எங்கள் ஊரில் அதிகம் கொடுத்தவனுக்குக் கோயில் மணியில் பேர் வெட்டுவார்கள். சரியாக வாங்கினவனைப் பற்றித்தான் மூன்று தலைமுறை பேசும். கடை போனது, வீடு பாதியானது, எல்லாம் அவர்கள் காதில் விழுந்தது. ஆனால் நாலு டாலர்தான் நின்றது.

ஃபௌஸி எழுந்து என்னிடம் வந்தான். "அப்படின்னா காலையில என்கிட்ட இருபத்திரண்டு வாங்கினியேடா, திருட்டுப் பயலே!"

"என்கிட்டயும்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "என்கிட்ட ரெண்டு பாட்டில்!"

"நீங்க என்ன கேட்டீங்க?" என்றேன். "கனமா ஒண்ணு கொடுன்னு கேட்டீங்க. கனமாத்தான் கொடுத்தேன். எவனாவது ஒருத்தன், நக்லே, இந்த வெயிலுக்கு எது நல்லா இருக்கும்னு கேட்டீங்களா? கேட்டது இவன் ஒருத்தன்தான்."

கேட்காதது அவர்கள் குற்றம் என்று அவர்களுக்கே தெரியும். அதனால் இன்னும் கொஞ்ச நேரம் திட்டினார்கள், பிறகு குவளையை நீட்டினார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் என் கடை வாசலில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். முதல் ஆள் ஃபௌஸி. "அந்த நாலு டாலர் ஒயினைக் கொடு. மூணுக்குக் கொடு."

"இங்கேயே இருங்க" என்று சொல்லிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு ராஹீலிடம் பறந்தேன். தொட்டியில் ஆயிரம் பாட்டில் அளவாவது இருக்கும். மொத்தமாகப் பேசி முடித்துவிட்டால், கோடை முழுக்க எனக்குக் கவலையில்லை.

ராஹீல் டிராக்டரில் உட்கார்ந்துகொண்டே சொன்னாள். "வித்தாச்சு முதலாளி."

"எதை?"

"தொட்டியை. அடி வரைக்கும். திருநாளுக்கு முந்தின நாள் அந்த வெள்ளைச் செருப்புக்காரரு நடந்தே வந்தாரு. நூத்தி நாப்பது டாலர் முன்பணம் வச்சாரு. மிச்சத்தை விக்க விக்கக் கொடுக்கிறாராம். மொத்தமா எடுத்தா மூணுன்னு பேசி முடிச்சோம். நல்ல மனுஷன். டிராக்டருக்குப் பின்னால கூட்டிட்டுப் போகலை, நேராப் பேசினாரு."

திரும்பி வந்தபோது என் கடை வாசலில், என்னுடைய நாற்காலியில், இஸ்கந்தர் உட்கார்ந்திருந்தான். ஃபௌஸி அவனுக்குக் காபி வாங்கி வந்து கொடுத்துக்கொண்டிருந்தான்.

அவனைக் கடைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். "அப்போ நேத்து எழுந்து நின்னு கை நடுங்கினது, அழுகை வர்ற மாதிரி பேசினது, எல்லாம் நடிப்பாடா?"

"கை நடுங்கினது நிஜம்" என்றான். "முன்பணம் வச்சது, உண்மையைச் சொல்லத் தைரியம் வந்தா உபயோகப்படுமேன்னு. வராட்டா நூத்தி நாப்பது போச்சு. வந்துச்சு." குவளையிலிருந்து ஒரு மடக்கு குடித்தான். "தொட்டி என்கிட்ட இருக்கு. வாடிக்கை உன்கிட்ட இருக்கு. பாட்டில் அஞ்சு டாலர்."

"அஞ்சா! நான் கூட்டிட்டுப் போகலைன்னா உனக்கு அந்தத் தோட்டமே தெரியாது. மூணரை."

"மூணரைக்கு வாங்கி எனக்கு நாலுக்கு வித்தே. ராஹீல் சொன்னா. என் மானத்தைக் காப்பாத்தினதுக்குப் பாட்டிலுக்கு அரை டாலர். அதிகம்னு சொல்ல மாட்டேன். நாலே முக்கால்."

"நாலு. அந்த நாற்காலி உனக்கு இலவசம்."

"நாலரை. டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுட்டேன். அடுத்த அறுவடைக்கும் ராஹீல்கிட்டப் பேசறேன்."

கையை நீட்டினேன். பிடித்தான். பிடித்த கையாலேயே என் சட்டைக் கையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, "இதுக்கு என்ன கொடுத்தே?" என்றான். சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டான்.

வெளியே ஃபௌஸி கதவைத் தட்டினான். "என்னடா இன்னும்? நாலுதானே?"

"நேத்து நாலு" என்று உள்ளேயிருந்து இருவரும் ஒரே குரலில் சொன்னோம். "இன்னிக்கு ஆறு."